தண்டவாளத்தை ஒட்டிய வீடுகள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வயதான தமிழர் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால், "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்பது வழக்கம். தோட்டம் இல்லை என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி, "அப்போ ரயில்வேயா?" என்பதாக இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டுக்குமே ஆமாம் சொல்லலாம். அம்மாவைப் பெற்றவர்கள் காப்பார் சாலைப் பக்கம் பால்மரம் வெட்டியவர்கள். அப்பா மலாயா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். பிரிக்பீல்ட்ஸ் யார்டை ஒட்டிய ரயில்வே லைன் வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவே ஓடிய ரயில்தான் எங்கள் இரண்டு குடும்பங்களையும் சேர்த்து வைத்திருந்தது. அந்தத் தடம் இன்றும் இருக்கிறது, ரயிலும் ஓடுகிறது. தடத்தை ஒட்டியிருந்த வீடுகள் போய்விட்டன. அங்கே இருந்தவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் செங்கல்லில் பிறந்த ஊர். 1881இல் கோலாலம்பூரை ஒரு தீயும் ஒரு வெள்ளமும் அடுத்தடுத்துப் புரட்டிப் போட்டன. அத்தாப்புக் கூரையும் மரப்பலகையும் இனி வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்று 1882இல் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவு போட்டார். களிமண் கிடைத்த இந்தப் பள்ளத்தில் சூளைகள் எழுந்தன. சீனர் தலைவர் யாப் குவான் செங் வைத்த சூளையும் அவற்றில் ஒன்று. சூளைக்குப் பின்னால் ரயில் வந்தது. 1886 செப்டம்பர் 15ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரைக்கும் முதல் தடம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 20 மைல். தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடிய ரயிலுக்கு அடுத்தபடி மலாயாவில் இரண்டாவது ரயில் அது. ஈயத்தை ஆற்றுவழிப் படகில் அனுப்பிய காலம் அத்தோடு முடியத் தொடங்கியது.

ரயில் வந்தால் ஆள் வேண்டும். மண் வெட்டவும் கட்டை அடுக்கவும் தண்டவாளம் தூக்கவும் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். தம்புசாமிப் பிள்ளை என்றால் இங்கே எல்லோரும் பத்துமலையை நினைப்பார்கள். ரயில் வேலைக்கு இந்தியாவிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. கணக்கு எழுதவும் தந்தி அடிக்கவும் ஸ்டேஷன் மாஸ்டராக உட்காரவும் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் வந்தார்கள். ஆக, ஒரே ரயிலில் தமிழர்கள் இரண்டு படிகளில் நின்றார்கள். இதை மறைத்துப் பேச வேண்டிய அவசியம் இல்லை. நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோதே எங்களுக்கு அது தெரியும்.

அந்த இரண்டு படிகளும் வீட்டிலேயே தெரிந்தன. ரொசாரியோ சாலையிலும் சான் ஆ தோங் சாலையிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் கட்டிய வரிசை வீடுகளுக்கு 'ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்' என்று பெயர். கிளார்க்குகளும் அலுவலக ஊழியர்களும் அங்கே இருந்தார்கள். யார்டு ஓரத்தில் கேங் ஆட்களுக்கும் பாயிண்ட்ஸ்மேன்களுக்கும் லைன் வீடுகள். எங்களுடையது லைன் வீடு. முன்னால் ஒரு சின்ன அஞ்சடி, உள்ளே ஓர் அறை, பின்னால் அடுப்படி. குழாயும் கழிவறையும் எல்லோருக்கும் பொது. ஷன்டிங் நடக்கும் இரவுகளில் பெட்டியோடு பெட்டி மோதும் சத்தம் வரிசையாக ஓடி எங்கள் சுவரில் வந்து முடியும். அலமாரியில் கவிழ்த்து வைத்த மங்குகள் கிணுகிணுக்கும். யாரும் விழிக்க மாட்டார்கள். சத்தம் இல்லாத இரவில்தான் அம்மா எழுந்து உட்கார்ந்து, "என்ன, வேலை நின்னுபோச்சா?" என்பார்.

அப்பாவின் வேலையைப் பிள்ளைகள் நாங்கள் கண்ணால் பார்த்து வளர்ந்தோம். இதுதான் அந்த வாழ்க்கையில் பெரிய விஷயம் என்று இப்போது தோன்றுகிறது. வேலிக் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் நடந்து போவார். கையில் விளக்கு, அதில் சிவப்பும் பச்சையும் மாறும். நெம்புகோலை இழுத்ததும் தண்டவாளத்தின் கூர்முனை அரையடி நகர்ந்து 'டக்' என்று ஒட்டும். ஒட்டிவிட்டதா என்று குனிந்து பார்ப்பார். பார்த்த பிறகும் பூட்ஸ் முனையால் ஒரு தட்டு தட்டுவார். பிறகுதான் விளக்கைத் தூக்கிக் காட்டுவார். எத்தனையோ டன் எடையுள்ள வண்டி அந்த ஒரு தட்டுக்காகக் காத்து நிற்கும். மழை கொட்டுகிற இரவிலும் அந்தத் தட்டை அவர் விட்டதில்லை. பள்ளியில் வாத்தியார் 'பொறுப்பு' என்று பாடம் எடுத்தபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

குவாட்டர்ஸில் என் வகுப்புத் தோழன் ஒருவன் இருந்தான். அவன் அப்பா டிக்கெட் அலுவலகத்தில் வேலை. அவர்கள் வீட்டு ஆச்சி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். "வா பிள்ளை, சாப்பிட்டனியோ?" என்று கேட்டுப் புட்டும் சம்பலும் வைப்பார். எங்கள் வீட்டில் "பசியாறியாச்சா?" என்பதுதான் கேள்வி. அவருடைய பேச்சு முதலில் எனக்குப் பாட்டுப்போல இருந்தது, பிறகு பழகிவிட்டது. பண்டிகை என்றால் அவர்கள் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலுக்குப் போவார்கள். இலங்கைச் சைவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கோயில் அது. நாங்களும் போவோம், கொஞ்சம் தள்ளி நிற்போம். தைப்பூசம் வந்தால் அந்தத் தள்ளிநிற்றல் கிடையாது. எல்லோரும் ஒரே ரயிலில் ஏறிப் பத்துமலைக்குப் போவோம், எல்லோர் தலையிலும் ஒரே வெயில்தான்.

இந்தச் சின்ன வட்டாரத்துக்குள் எத்தனை வாசல்கள்! பெர்ஹாலா சாலையில் சிங்களவர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுப்பிய புத்த மகா விகாரை. தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம், பாத்திமா மாதா கோயில், தமிழ் முஸ்லிம்களின் மதரசா. 1904இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம், அதன் பெயரில் தமிழ்ப்பள்ளி. 1951இல் அமைந்த பார்வையற்றோர் சங்கம் இங்கே வந்த பிறகு, வெள்ளைக்கோல் தட்டிக்கொண்டு நடப்பவர்களுக்கு வழிவிடுவது எங்கள் தெருப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாத பழக்கமாகிவிட்டது. லிடோ தியேட்டரின் கூட்டம் கலைந்து வரும்போது பூக்கடைக்காரர்கள் அஞ்சடி விளிம்புக்கு வாளியை நகர்த்துவார்கள். இவை எல்லாவற்றுக்கும் ரயில்வே சம்பளம்தான் அடியில் ஓடிய தண்ணீர். சம்பள நாளில் மளிகைக்கடைக் கணக்குப் புத்தகங்கள் மூடப்படும், மறுநாளே புதுப் பக்கத்தில் திறக்கும்.

பள்ளி விடுமுறை விட்டதும் கிள்ளானுக்குப் பயணம். ரயில்வே பிள்ளைகளுக்குப் பாஸ் உண்டு. ஆனாலும் எனக்கு அட்டை டிக்கெட் மேல்தான் ஆசை. விரல் நீளம் இருக்கும் தடித்த அட்டை. கிளார்க் அதைத் தேதி அச்சு இயந்திரத்தின் வாயில் செருகி எடுப்பார், ஓரத்தில் எண்கள் அழுந்தியிருக்கும். பெரிய ஸ்டேஷன் என்று நாங்கள் சொன்ன கோலாலம்பூர் நிலையம் 1910இல் கட்டி முடிந்தது. ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்த குமிழ்க் கோபுரங்களும் வளைவுகளும் வெள்ளைவெளேரென்று நிற்கும். அதன் நடைமேடையில் நின்றால் அப்பாவுக்கு யாராவது கைதூக்கி வணக்கம் வைப்பார்கள். தெருவில் அவரை யாருக்கும் தெரியாது, நடைமேடையில் எல்லோருக்கும் தெரியும்.

பெட்டாலிங், பத்து தீகா, பாடாங் ஜாவா என்று ரயில் போகும். இன்று அடுக்குமாடிகளும் தொழிற்சாலைகளும் முட்டிக்கொண்டு நிற்கும் அந்த வழியில் அன்றைக்குத் தோட்டம் முடிந்தால் இன்னொரு தோட்டம். ஷா ஆலாம் நகரம் எழுந்து நிற்பது சுங்கை ரெங்கம் தோட்டத்தின் மண்ணில். 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானதும் சிலாங்கூருக்கு ஒரு தலைநகர் தேவைப்பட்டது. 1978இல் ஷா ஆலாம் அந்த இடத்துக்கு வந்தது. தோட்ட மக்கள் எங்கே போனார்கள் என்பது அந்த விழா மேடைகளில் பேசப்படவில்லை. பலர் ரயில் பாதை ஓரத்துப் புறம்போக்கில் பலகை வீடு போட்டுக் குடியேறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தபடி அந்த வீடுகள் ஒவ்வொரு பயணத்திலும் கூடிக்கொண்டே போவதை நான் பார்த்திருக்கிறேன். துணிக் கொடிகள், கோழிக்கூண்டு, ஒரு சூலம் நட்ட சின்னக் கோயில். பங்சாரிலும் இதே கதைதான். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் ஒட்டி அந்த ஊர்ப் பெயராயிற்று. அங்கே பால் வெட்டிய கைகளின் பெயரில் ஒரு சந்துகூட எனக்குத் தெரிந்து இல்லை.

கிள்ளான் நிலையத்தில் இறங்கினால் முதலில் மூக்கில் படுவது ஆற்றுச் சேற்று வாடை. கடல் அருகில் இருப்பதால் ஆற்றில் ஏற்ற இறக்கம் உண்டு. நீர் வற்றிய நேரத்தில் கரை சாம்பல் நிறமாகப் பளபளக்கும். தாத்தா வீட்டுக்கு ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். கிள்ளான் மக்களுக்கு ஆறுதான் திசைகாட்டி. "வடக்கா, தெற்கா?" என்று கேட்டால், பாலத்துக்கு எந்தப் பக்கம் என்று பொருள்.

பாலத்தின் கதை ரயிலின் கதையோடு பிறந்தது. முதல் ரயில் புக்கிட் கூடாவோடு நின்றதற்குக் காரணமே இந்த ஆறுதான். குறுக்கே பாலம் கட்ட 1890 ஆயிற்று, கன்னாட் கோமகனின் பெயரை அதற்கு வைத்தார்கள். பிறகுதான் ரயில் கிள்ளான் ஊருக்குள் வந்தது. ஊர் நடுவே 1908இல் பெல்ஃபீல்டு பாலம் வந்தது. அதற்குப் பதிலாக 1950களின் இறுதியில் கட்டத் தொடங்கி 1961இல் திறந்தது கோத்தா பாலம். இரண்டு அடுக்கு. மேல்தட்டில் கார், லோரி, பஸ். கீழ்த்தட்டில் நடப்பவர்களும் சைக்கிளும். நாட்டில் அப்படி ஒன்று அதற்கு முன் இருந்ததில்லை.

எங்களுடைய பாலம் கீழ்த்தட்டுதான். தாத்தா நிலையத்துக்கு வந்து காத்திருப்பார். பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டுவார், என்னைக் குறுக்குக் கம்பியில் உட்கார வைத்து உருட்டிக்கொண்டே நடப்பார். தலைக்கு மேல் கூரை மாதிரி சாலை. லோரி போனால் இரும்பு அதிரும், அதிர்வு சைக்கிள் ஹேண்டில்பார் வழியாக என் உள்ளங்கைக்கு வரும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே காற்று. மீன்கூடைக்காரர், தோட்டத்துக்குத் திரும்பும் பெண்கள், மரக்கால்செருப்பைத் தட்டிக்கொண்டு போகும் சீனத்துப் பாட்டிகள், சோங்கோக் போட்ட மலாய்ப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே அகலத்துக்குள் ஒதுங்கி ஒதுங்கிப் போவார்கள். எதிரில் வந்தவர்கள் பாதிப் பேர் தாத்தாவிடம் நின்று பேசுவார்கள். "பேரனா? கேயெல்லிலிருந்தா?" என்று கேட்டுக் கன்னத்தைக் கிள்ளுவார்கள். மேல்தட்டில் காரில் போகிறவர்களுக்கு இந்த ஊரில் யாரையும் தெரிந்திருக்க வழியில்லை என்று அப்போது நான் நம்பினேன். இன்றும் அதை மாற்றிக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை.

தாத்தா கிள்ளானைப் பற்றிப் பேசத் தொடங்கினால் துறைமுகத்தில்தான் போய் நிற்பார். போர்ட் சுவெட்டன்ஹாம் 1901இல் திறந்தது. திறந்த சில மாதங்களிலேயே மலேரியா அங்கிருந்தவர்களைச் சாய்த்தது. கிள்ளான் மருத்துவமனைக்கு அந்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பை வடித்துக் காட்டை வெட்டிக் காய்ச்சலை விரட்டினார். உலக மருத்துவ வரலாற்றில் அவருக்கு இடம் உண்டு, கிடைக்க வேண்டியதுதான். வடிகால் வெட்டக் கூலிக்கு இறங்கியவர்களின் பெயரை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அந்தத் துறைமுகத்துக்கு 'ரஜூலா' கப்பல் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆள் கொண்டுவந்து இறக்கும். இறங்கியவர்களைக் குவாரன்டீன் முகாமில் வைப்பார்கள். பிறகு தோட்டத்துக்கோ, ரயிலில் ஏற்றி இன்னும் உள்ளேயோ அனுப்புவார்கள். 1972இல் துறைமுகத்தின் பெயர் போர்ட் கிள்ளான் ஆனது. தாத்தா கடைசி வரை பழைய பெயரைத்தான் சொன்னார்.

அவர் பேசாத ஒரு ரயிலும் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போன ரயில். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே தடம் போடத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர், திரும்பவில்லை. பாட்டி ஆடி அமாவாசைக்கு ஓர் இலை கூடுதலாகப் போடுவார், எதற்கு என்று கேட்டால் "சயாம் தாத்தாவுக்கு" என்பார். அதற்கு மேல் பேச்சு வராது. ரயில் தடம் எங்களுக்குச் சோறு போட்டது. எங்கள் ஆட்களை விழுங்கிய தடமும் ஒன்று உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் நாங்கள் நினைக்க வேண்டியிருக்கிறது.

நான் வேலைக்குப் போகத் தொடங்கியபோது ரயிலைவிட மினி பஸ் பெரிதாகிவிட்டது. 1975இல் ஓடத் தொடங்கியது. இளஞ்சிவப்பு நிறம், ஆரம்பத்தில் கட்டணம் 40 காசு. எங்கே போனாலும் அதே காசு என்பதால் சம்பளம் குறைந்தவர்களுக்கு அது பெரிய உதவி. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "மாசோக் டாலாம், பெலாக்காங் கோசோங்!" என்று கத்துவார். உள்ளே போ, பின்னால் காலி. பின்னால் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். வளைவில் ஒரு பக்கமாகச் சாயும்போது நாம் விழ இடம் இருக்காது. ஆனாலும் அந்தப் பஸ்ஸில் யாராவது ஒரு அம்மா காய்கறிக் கூடையை நம் மடியில் வைத்துவிட்டு, "தம்பி, புடி, இறங்கும்போது வாங்கிக்கிறேன்" என்பார். 1998இல் மினி பஸ்களைச் சாலையிலிருந்து எடுத்தார்கள். பாதுகாப்புக்காக எடுத்தது சரிதான். ஆனால் ஒரே காசில் ஊர் முழுக்கச் சுற்றிய அந்தக் கட்டண முறையை வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அதற்குள் ரயிலும் மாறியிருந்தது. 1995இல் மின்சார கொமூட்டர் ஓடத் தொடங்கியது. கிள்ளான் தடத்தில் பயணம் சுகமானது, குளிரூட்டிய பெட்டி, அடிக்கடி வண்டி. 1998இல் எல்ஆர்டி பங்சார் வழியாக வந்தது. எங்கள் பழைய யார்டு இருந்த நிலத்தில் கேஎல் சென்ட்ரல் எழுந்து 2001 ஏப்ரலில் திறந்தது. பெரிய ஸ்டேஷன் அன்றோடு சின்ன ஸ்டேஷன் ஆகிவிட்டது. 2003 ஆகஸ்ட் 31ஆம் தேதி துன் சம்பந்தன் சாலைக்கு மேலே மோனோரயில் ஓடியது. மோனோரயில் நிலையத்துக்கும் கேஎல் சென்ட்ரல் என்றே பெயர். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வெயிலிலும் மழையிலும் சாலையைக் கடந்து நடக்க வேண்டும். 2014இல் நு சென்ட்ரல் பேரங்காடி வந்த பிறகுதான் அந்த இடைவெளி கூரைக்குள் வந்தது. இப்போது பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருவர் விமானத்திலிருந்து இறங்கி, ரயிலேறி, மோனோரயில் மாறி, பிரிக்பீல்ட்ஸ் மண்ணில் கால் படாமலே போய்விடலாம். வேகத்துக்கு இது நல்லது. பூக்கடைக்கும் ஒட்டுக்கடைக்கும் நல்லதா என்று அந்தக் கடைக்காரர்களிடம் கேட்டால் தெரியும்.

நான் மாற்றத்துக்கு எதிரி இல்லை. கொமூட்டரில் ஏறாத நாள் எனக்குக் குறைவு. பார்வையற்றவர்கள் நடக்கப் போட்ட மஞ்சள் தடவரிக் கற்களைப் பார்த்தால் மகிழ்ச்சி. 2010இல் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் வந்து பிரிக்பீல்ட்ஸ் லிட்டல் இந்தியாவைத் திறந்துவைத்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன். சாலைக்குப் பெயர் தந்த துன் சம்பந்தன், தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்கக் கூட்டுறவுச் சங்கம் கண்டவர். அந்தப் பெயருக்கு மேலே வளைவு வைத்தது பொருத்தம்தான். என் வருத்தம் ஹண்ட்ரட் குவாட்டர்ஸ் பற்றியது. 2010களின் நடுவில் அதை இடித்தார்கள். அதற்கு வெகுகாலத்துக்கு முன்பே லைன் வீடுகள் போய்விட்டன. அப்பா ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டு நாங்கள் கிளம்பினோம், ரயில்வே வீட்டுக்கு அதுதான் விதி. ஆனால் குவாட்டர்ஸ் கல்லும் சுண்ணாம்புமாக உறுதியாக நின்றது. இந்த நகரம் யாரால் ஓடியது என்பதைக் காட்ட நம்மிடம் இருந்த நல்ல சாட்சி அதுதான்.

சிக்காகோவில் புல்மன் என்று ஒரு வட்டாரம் உண்டு. ரயில் பெட்டி செய்த ஜார்ஜ் புல்மன் 1880இல் தன் தொழிலாளர்களுக்காகக் கட்டத் தொடங்கிய ஊர். முதலாளியே வீட்டுக்காரர். சம்பளத்தை வெட்டியவர் வாடகையைக் குறைக்கவில்லை, 1894இல் அமெரிக்காவையே நிறுத்திய வேலைநிறுத்தம் அங்கே வெடித்தது. அந்தப் பெட்டிகளில் பணிசெய்த கறுப்பினத் தொழிலாளர்கள் 1925இல் தங்களுக்கென்று சங்கம் கண்டு போராடி வென்றார்கள். அந்த வரிசை வீடுகள் இன்றும் இருக்கின்றன. ஆட்கள் குடியிருக்கிறார்கள். 2015இல் அதிபர் ஒபாமா அந்த இடத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் நம் குவாட்டர்ஸ் மண்ணோடு மண்ணானது. சிக்காகோ நம்மைவிடப் பணக்கார ஊர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கேஎல் சென்ட்ரல் கட்ட முடிந்த நாட்டுக்குச் சில வரிசை வீடுகளை வைத்துக்கொள்ள முடியாமலா போகும்? தொழிலாளி வாழ்ந்த வீடும் வரலாறுதான் என்ற எண்ணம் வரவில்லை, அவ்வளவுதான்.

நாமும் அதற்குப் பொறுப்பு. விவேகானந்தா ஆசிரமத்துக்கு ஆபத்து என்று 2014இல் செய்தி வந்ததும் மக்கள் எழுந்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கட்டடம் நின்றது. அந்த வேகத்தில் பாதி குவாட்டர்ஸுக்குக் கிடைத்திருந்தால் போதும். கோயிலுக்கும் ஆசிரமத்துக்கும் நாம் கூடுவோம். வீட்டுக்குக் கூட மாட்டோம். அது ஏழைப்பட்டவர்கள் இருந்த இடம், அதைக் காட்டிக்கொள்வதில் என்ன இருக்கிறது என்று நம்மில் பலர் நினைத்தோம். படித்து முன்னேறி சுபாங்கிலும் பூச்சோங்கிலும் வீடு வாங்கிய பிறகு பிள்ளைகளிடம் லைன் வீட்டைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டோம்.

கிள்ளானில் கோத்தா பாலம் இன்னும் நிற்கிறது. 1990களில் முசாஎடின் பாலம் வந்ததும் மேல்தட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். 2017இல் மூன்றாவது பாலமும் வந்தது. இப்போது எல்ஆர்டி தடமும் ஆற்றைத் தாண்டி நிற்கிறது. கார்களுக்காகக் கட்டிய தட்டு வெறுமையாகக் கிடக்க, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்ட கீழ்த்தட்டில் ஆட்கள் போகிறார்கள். அண்மையில் என் மகளை அழைத்துப் போனேன். தெங்கு கிளானா சாலையில் பசியாறிவிட்டு ஆற்றுப் பக்கம் நடந்தோம். வேலைவிட்டுப் போகும் வங்காளதேசத்துப் பையன்கள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், சைக்கிளை உருட்டிய ஒரு முதியவர். "இங்கே யாரைப்பா உங்களுக்குத் தெரியும்?" என்று அவள் கேட்டாள். எதிரில் வந்தவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியவில்லை. தாத்தாவைப் பற்றிச் சொன்னேன், அவர் அண்ணனைப் பற்றியும் சொன்னேன். அவள் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.

இதைப் படிப்பவர்களில் ரயில்வே குடும்பத்துப் பிள்ளைகள் இருப்பீர்கள். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பட்டறை, கிள்ளான், பாடாங் ஜாவா என்று எங்கெங்கோ குடியிருந்திருப்பீர்கள். உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு பழைய பாஸ் இருக்கும், பணிச்சான்றிதழ் இருக்கும், குவாட்டர்ஸ் வாசலில் வரிசையாக நின்று எடுத்த படம் இருக்கும். அந்தப் படத்தின் பின்பக்கம் பேனா எடுத்து எழுதுங்கள்: யார் யார், என்ன வேலை, எந்த வீடு, எந்த ஆண்டு. அப்பா அம்மா உயிரோடு இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு படி எடுத்து தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள், இன்னொன்றை உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுங்கள். வீடுகளைத்தான் இழந்துவிட்டோம், அங்கே இருந்தவர்களின் பெயர்களையாவது எழுதி வைப்போம்.